ஹெரால்டும் ஓர் எண்ணெய்த் தகரமும்

பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறோம் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது. இரண்டாவது கேள்வி, உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்பது. முதல் கேள்விக்கு இன்றுவரை விடை தெரியாது. அளந்து பார்க்கும் அளவுக்கு வண்டி தொடர்ச்சியாக ஓடியதில்லை. இரண்டாவதற்கு விடை சொல்லத் தொடங்கினால் கூடவே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் குற்றம் மனத்தை அரித்துக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்பது ஒரே கல்லூரியில் பணிபுரியும் இருவர். ஒருவர் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் இயற்பியல். ஆளுக்குப் பாதிப் பணம் போட்டோம். எழுதும் பொறுப்பு தமிழ்க்காரர் தலையில் விழுந்ததால் உவமைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிழை திருத்தும் பொறுப்பு இயற்பியலுக்கு.

வண்டி 1965ஆம் ஆண்டுச் செய்நேர்த்தியுடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. சென்னையிலேயே செய்யப்பட்டது என்பதை இன்றைய மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அக்காலத்தில் மற்ற கார்கள் எல்லாம் உடலும் சட்டமும் ஒன்றாய் வார்த்தெடுத்தாற்போல் வரத் தொடங்கியிருந்தன. இதுவோ பழைய முறைப்படி தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டான உடற்பகுதிகளைப் போல்ட் போட்டு இணைத்தது. முழு உடலை அடித்துத் தரும் ஆலை கைக்கெட்டாமற் போனதால் அந்த நிறுவனம் கண்டுகொண்ட வழி அது. ஆனால் அந்த வழியே வண்டியைப் பெட்டிகளில் கட்டி வேற்று நாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டுவதற்கு வசதியாய் அமைந்தது. நம்மூரில் 1960களில் இரண்டு கதவாக ஓடிய ஹெரால்டு பின்னால் நான்கு கதவாயிற்று. 1970களில் கஸல் என்று பெயர் மாறிற்று. பிறகு இல்லாமலே போயிற்று.

இது பந்தயக் கார் இல்லையே என்று ஓர் அன்பர் குறைப்பட்டார். உண்மைதான். இதன் எஞ்சின் 948 சி.சி.; இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றின் எஞ்சினே இதைவிடப் பெரிது. ஆயினும் இந்த ஹெரால்டின் சட்டத்தை நீளம் குறைத்து, அதன்மேல் மிக்கெலோட்டி வரைந்த இன்னோர் உடலை ஏற்றித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் காரைச் செய்தார்கள். ஆகவே எங்கள் வண்டி விளையாட்டுக் காரின் மூத்த சகோதரி. தங்கையைப் போலவே இதற்கும் மூக்கோடு முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சினும் முன்சக்கரங்களும் ஸ்டீயரிங் கம்பிகளும் கையெட்டும் தூரத்தில் கிடக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இவ்வளவு வெளிப்படையாக உள்ளதைக் காட்டும் கார் வேறொன்றை நாங்கள் பார்த்ததில்லை. எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குக் கை அரிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விற்றவர் தஞ்சாவூரில் தனியாக வாழும் ஓர் அம்மா. வயது எண்பதைத் தாண்டியவர். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பே வண்டி திண்ணையோரத்தில் தார்ப்பாய்க்குள் முடங்கிவிட்டது. விலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “ஓட்டற மாதிரி ஆனதும் ஒரு தடவை என்னை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வரணும், அவ்வளவுதான்” என்றார். அவருடைய ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். சரி என்றோம். சொல்வதற்கு எளிதாக இருந்தது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவுமுறை ஒன்று வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. எங்களுக்கு அது சரிப்படவில்லை. ஓடாத வண்டியைக் காட்டிக்கொண்டிருப்பது, படிக்காத புத்தகத்துக்குத் தோல் அட்டை போடுவதுபோல. பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டோம். அந்த அலுவலக அலைச்சலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறைகளை வரிசையாக எழுதினோம். பதினான்கு வந்தது. எதுவுமே பெரிய குறை அல்ல. வேகமுள் நடுங்கியது; அதன் கேபிளைக் கழற்றித் துடைத்து லேசாக எண்ணெய் தடவியதும் நின்றது. மழைநாளில் காலடிப் பாயில் தண்ணீர் தேங்கியது. உடல் துண்டுகள் கூடும் இடங்களில் இருந்த ரப்பர் பட்டைகள் மட்கிப்போயிருந்தன. இடது கதவு இரண்டாவது அறைக்குத்தான் சாத்திக்கொண்டது. இப்போதும் அப்படித்தான்.

விளக்குகள் விளையாட்டுக் காட்டின. பிரேக்கை மிதித்தால் நம்பர் பலகை விளக்கு மினுங்கியது. வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு இரண்டும் மங்கின. நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ உள்ள சொல்லோடு கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வாரே, ‘மாட்டு’ என்று, அந்த முறையில் யாரோ வயரிங் செய்திருக்கிறார்கள் என்று தமிழ்த் தரப்பு தீர்ப்பளித்தது. இயற்பியல் தரப்பு சிரித்துவிட்டு, பின்விளக்குக் கூட்டின் அடியில் துருப்பிடித்திருந்த ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போட்டது. எர்த் சரியாகக் கிடைக்காத மின்சாரம் வீடு திரும்பும் வழியைத் தேடி அடுத்த விளக்கின் வழியாக நுழைந்துகொண்டிருந்ததாம். திருகாணி இறுகியதும் எல்லா விளக்குகளும் தத்தம் பொருளில் நின்றன. உரையாசிரியரை வீணாகக் குறை சொன்னோம்.

இக்னிஷன் காயிலில் இன்னும் நுட்பமான பிழை ஒன்று இருந்தது. அந்தக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பாட்டரியின் நேர்முனையைத்தான் வண்டியின் உடலோடு இணைப்பார்கள். பிற்காலத்தில் உலகம் முழுவதும் எதிர்முனைக்கு மாறிவிட்டது. எங்கள் வண்டியையும் யாரோ மாற்றியிருந்தார்கள். ஆனால் காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்ற மறந்துவிட்டார்கள். வண்டி ஓடும்; ஆனால் பொறி வலுவிழந்து, ஏற்றத்தில் தயங்கித் தயங்கி ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. பொறி பாயும் இடைவெளியில் பென்சிலின் கரிமுனையை நீட்டினால் ஒளிச்சிதறல் பிளக் இருக்கும் பக்கமாக விழவேண்டும். எங்களுக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. இரண்டு வயர்களை மாற்றிப் போட்டதும் மேம்பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. அன்று மாலை இருவரும் பன்னிரண்டு ரூபாய்த் தேநீரைப் பெரிய விருந்துபோலக் குடித்தோம்.

இவற்றையெல்லாம் செய்ய எங்களுக்குத் துணையாக இருந்தது ஆங்கிலப் பணிமனைக் கையேட்டின் நகல். அதில்தான் முன்சக்கரத்தைப் பற்றிப் படித்தோம். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்னும் வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சக்கரம் திரும்புகிறது. அந்த மரைக்குக் கிரீஸ் வைக்கக் கூடாது, கியர் எண்ணெய்தான் விடவேண்டும் என்பது கையேட்டின் கட்டளை. கிரீஸ் மரையின் இடுக்குகளில் இறங்காது. நாளடைவில் காய்ந்து இறுகித் தண்ணீருக்கு இடம் கொடுத்துவிடும். உள்ளே எஃகு துருப்பிடிப்பது வெளியே தெரியாது. ஒருநாள் தண்டு மரையிலேயே முறியும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். இந்த வகை வண்டிகளை வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அறிந்து அஞ்சும் செய்தி இது.

கழற்றிப் பார்த்தோம். இருபுறமும் கிரீஸ், பழுத்த புளிபோல் கறுத்து இறுகிய கிரீஸ். வலப்பக்கத் தண்டு தப்பியிருந்தது. இடப்பக்கத்துத் தண்டின் மரையைத் துடைத்தபோது கரையான் தின்ற ஓலைபோல் அரித்திருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் பிள்ளைகள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலையில் போய்வந்திருந்தோம். அன்றிரவு இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் துறை அறையில் பார்த்துக்கொண்டபோதும் வேறு ஏதோ பேசினோம்.

ஸ்பிட்ஃபயரின் அன்பர்கள் புண்ணியத்தில் அந்த உறுப்புகள் இன்றும் இங்கிலாந்தில் செய்யப்படுகின்றன. தண்டுகளையும் டிரன்னியன்களையும் வரவழைத்து மாற்றினோம். நோட்டுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் ‘எண்ணெய், கிரீஸ் அன்று’ என்று எழுதிவைத்தோம். கிரீஸ் வைத்தவர் யார் என்று அந்த அம்மாவிடம் விசாரித்தோம். முப்பது ஆண்டுகளாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட ஒரே மெக்கானிக், அவரும் காலமாகிவிட்டார். “தங்கமான மனுஷன். இதைத் தன் வண்டி மாதிரி பார்த்துக்குவார்” என்றார் அம்மா. நாங்கள் தலையாட்டிக்கொண்டோம். உள்ளுக்குள் எங்களுக்கு அந்த மனிதர்மேல் கோபம் இருந்தது.

எங்கள் தவறு தொடங்கிய இடம் இதுதான். டிரன்னியன் விஷயத்தில் மூலநூலே வென்றுவிட்டது அல்லவா? அந்த வெற்றி தலைக்கேறியது. மூலத்தில் இல்லாதது எதுவானாலும் அது அந்த மெக்கானிக்கின் இடைச்செருகல் என்று முடிவு கட்டினோம். நோட்டுப் புத்தகத்தில் குறைகள் தீரத் தீர, குறை அல்லாதவற்றையும் குறையாக எழுதிச் சேர்த்தோம். பெட்ரோல் குழாயில் வரிசையாகத் துணி காயப்போடும் மரக்கிளிப்புகள் ஆறு மாட்டியிருந்தன, பிடுங்கினோம். கார்புரேட்டருக்கும் புகைபோக்கிக் குழாய்க்கும் நடுவே, ஏதோ டின்னை வெட்டி மடக்கிச் செருகிய ஒரு தகரம் இருந்தது. கையேட்டுப் படத்தில் அப்படி ஒன்று இல்லை. மஞ்சள் வண்ணம் உரிந்த அந்தத் தகரத்தில் மேல்வரியில் ‘ண்ணெய்’ என்றும் கீழே ‘நாசம்’ என்றும் எழுத்துகள் எஞ்சியிருந்தன. வண்டிக்குள்ளேயே நாசம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார் பாருங்கள் என்று சிரித்தோம். மற்ற பழைய இரும்போடு சேர்த்து அதையும் எடைக்குப் போட்டோம்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கிடைக்காத அடிகளைத் தாமே இட்டு நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டதையும், கிடைத்த பாடபேதங்களைத் தள்ளிவிடாமல் குறித்து வைத்ததையும் எங்களில் ஒருவர் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிறார். குரல் தழுதழுக்கச் சொல்வார் என்று மாணவர்கள் கேலி செய்வதுண்டு. அவர்தான் அந்தத் தகரத்தைக் குறட்டால் பிடித்து இழுத்தார். மற்றவர் டார்ச் அடித்தார். வெப்பம் எப்படிப் பரவும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருபவர் அவர்.

மே மாதத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். காலையில் புறப்பட வேண்டியது, அவர் தோழி ஒருவர் வந்துவிட்டதால் பதினொன்றரை ஆகிவிட்டது. முன் இருக்கையில் அமர்ந்து, கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். அய்யம்பேட்டை தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி அருமையாக ஓடியது. கிளைச்சாலையில் திரும்பியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. வழக்கம்போல எஞ்சினை அணைத்தோம். பத்து நிமிடம் கழித்து ரயில் போயிற்று, கேட் திறந்தது, வண்டி கிளம்பவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது விசிறிக் காற்றும் புதிதாக வந்துகொண்டிருக்கும் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர வைத்திருக்கும். நிறுத்தியதும் இரண்டுமே நின்றுவிடும். அடியில் கனன்றுகொண்டிருக்கும் இரும்புக் குழாயின் சூடு நேராக மேலே ஏறும். பெட்ரோலின் இலகுவான பகுதி 40 பாகைக்கு அருகிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். அந்த மே மாத வெயிலில், எஞ்சினுக்குப் பக்கத்தில், அதைச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு இப்போது எத்தனால் வேறு கலந்து வருகிறது. குழாயிலும் பம்பிலும் ஆவி அடைத்துக்கொண்டால் பம்பு வெறும் காற்றை மென்றுகொண்டிருக்கும். அந்தக் கையேடு இங்கிலாந்தின் வானிலைக்கு எழுதப்பட்டது. இதெல்லாம் இப்போது வரிசையாகத் தெரிகிறது. அப்போது தெரிந்தது பின்னால் ஒரு பேருந்து, இரண்டு லாரி, எண்ணற்ற இருசக்கர வண்டிகள், அத்தனையின் ஹாரன்.

நாலைந்து இளைஞர்கள் கேட்டைத் தாண்டித் தள்ளிவிட்டார்கள். ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி முன்மூடியைக் கவிழ்த்துத் திறந்தோம். முதலை வாயைப் பிளந்ததுபோல் அது திறப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் மறுபடியும் காயிலைத் தொட்டுப் பார்த்தோம், பிளக்கைக் கழற்றினோம், தெரிந்ததையெல்லாம் செய்தோம். அம்மா மெல்ல இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

“தகரம் எங்க?” என்றார்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. பையிலிருந்து ஒரு துண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக் கொடுத்தார். “நல்லா நனைச்சு அதுமேல போடுங்க. இன்னொண்ணு இதுமேல. அவர் எப்பவும் ஒரு கூஜாத் தண்ணி வெச்சிருப்பார்” என்றார். அதுமேல் என்றது பம்பு. இதுமேல் என்றது கார்புரேட்டர். பெயர் தெரியாது, இடம் தெரியும். துண்டைக் கிழித்து இரண்டாக்கினோம். நீராவி எழுந்தது. கால் மணி நேரம் கழித்து, “அந்தக் குட்டிக் கை இருக்கே, அதைப் பத்துத் தடவை அமுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி” என்றார். பம்பின் அடியில் கையால் இயக்கும் சிறு நெம்பு ஒன்று இருக்கிறது. கையேட்டில் அதைப் பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறோம். பத்துத் தடவை அமுக்கினோம். வண்டி கிளம்பியது.

அவருடைய ஊரில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருவர்தான் இருந்தார்கள். பிறந்த வீடு கைமாறி, முன்பக்கம் இடித்துக் கடையாகிவிட்டது. குளத்தங்கரையில் சிறிது நேரம் நின்றுவிட்டு, போகலாம் என்றார். திரும்பும் வழியில்தான் பேசினார்.

“அந்தத் தகரம் எங்கப்பா வாங்கிக் குடுத்த நல்லெண்ண டின்னு. பாபநாசத்துல ஒரு எண்ணெய்க் கடை இருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்துட்டுத் திரும்பும்போது குடுத்துவிட்டார். காலியானப்புறம் நான் அதுல புளி போட்டு வெச்சிருந்தேன். இந்த வண்டி வாங்குன புதுசுல கோடையில நின்னு நின்னு போகும். மெக்கானிக் வந்து ஒரு தகரம் வேணும்னார். இவர் புளியைக் கொட்டிட்டு அதைத் தூக்கிக் குடுத்துட்டார். ரெண்டு நாள் நான் இவர்கூடப் பேசல.” சிரித்தார். பிறகு, “பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?” என்று கேட்டார்.

“வெச்சிருக்கோம்மா” என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பாபநாசம். பாதி அழிந்த ஓர் ஊர்ப்பெயரை முழுமையாக்கிப் படிக்கத் தெரியாமல், எழுத்து இருந்தவரைக்கும் பொருள் கொண்டு சிரித்திருக்கிறோம். சிதைந்த கல்வெட்டில் விடுபட்ட எழுத்தை ஊகிப்பது எப்படி என்பது எங்களில் ஒருவருக்குப் பாடம்.

மறுநாள் பழைய இரும்புக் கடைக்கு ஓடினோம். நாங்கள் போட்டு இரண்டு மாதமாகியிருந்தது. கடைக்காரர் எங்களை வேடிக்கையாகப் பார்த்தார். பிறகு இரக்கப்பட்டு, பின்கட்டில் இருந்த குவியலைக் கிளற அனுமதித்தார். அரைநாள் கிளறினோம். மஞ்சள் தகரங்கள் நிறைய கிடைத்தன. எழுத்துள்ளது கிடைக்கவில்லை.

அலுமினியத் தகட்டில் அதே அளவுக்கு, நினைவிலிருந்து வரைந்து, ஒரு தடுப்புச் செய்து பொருத்தினோம். மரக்கிளிப்புகளையும் மறுபடி மாட்டினோம். அவற்றால் பயன் உண்டா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. கூஜா கிடைக்காததால் ஒரு பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. அதன்பின் வண்டி வெயிலில் நின்றதில்லை. கிரீஸ் வைத்த அதே கைதான் தகரமும் வைத்தது என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுத முயன்று, சரியான சொல் கிடைக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறோம்.

சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பொங்கலுக்குப் பேத்தி வருகிறாளாம். வண்டியைக் காட்ட வேண்டுமாம். “அந்தத் தகரத்தையும் எடுத்துட்டு வாங்க. அவகிட்ட கதையைச் சொன்னேன், பாக்கணுங்கிறா” என்றார்.

வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிறார் ஒருவர். இன்னொருவர் அந்தக் கடையில் இன்னும் ஒரு குவியல் இருக்கிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போகிறோம்.